ஆறாவது துணி

போன மாதம் மூன்று பேர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் மாத்தளையிலும் உக்குவளையிலும் கராஜ் வைத்திருப்பவர்கள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வாகன வேலை செய்கிறவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடப் போகிறார்களாம், அதில் என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம்.

"அந்த ஆறு துணி எண்ணுற விஷயத்த எழுதுங்க பாஸ். வீடியோவில பாத்த நாள்ல இருந்து எங்க கராஜ்லயும் அப்படித்தான் செய்றோம்" என்றார் அவர்களில் மூத்தவர். மற்ற இருவரும் என்னைக் கோயில் சிலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். எழுதித் தருகிறேன், ஒரு எழுத்தும் மாற்றாமல் போட வேண்டும் என்றேன். சரி என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மாற்றினால் அது அவர்கள் பாடு.

நான் படித்த கதை அதிகம் இல்லை. அப்பா சாவகச்சேரியிலிருந்து மாத்தளை அரசாங்கக் கச்சேரிக்கு உத்தியோகமாக வந்தவர். அவரோடு வேலை செய்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் டொக்டர், கணக்காளர், ஆசிரியர் என்று போனார்கள். என் அண்ணன் எஞ்சினியர். நான் கணிதத்தில் இரண்டு தரம் கவிழ்ந்து, மாத்தளைத் திருகோணமலை வீதியில் இருந்த ரஹீம் நானாவின் கராஜில் போய் நின்றேன். "ஒருத்தன் எஞ்சினியர், மற்றவன் எஞ்சின் கழுவுறவன்" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே இந்தத் தொழிலில் பிழை விடக் கூடாது என்று ஒரு பிடிவாதம் வந்தது. நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வெறும் வீம்பு என்பது மிகவும் பிந்தித்தான் தெரிந்தது.

ரஹீம் நானாவைப் பற்றி இப்போது எல்லோரும் நல்லவர் வல்லவர் என்கிறார்கள். அவரிடம் வேலை செய்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சத்தம் போட மாட்டார், அடிக்க மாட்டார், பாராட்டவும் மாட்டார். வேலையில் பிழை கண்டால் அந்தப் போல்ட்டைக் கழற்றி நம் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பேசாமல் போய்க் கதிரையில் உட்காருவார். நாம் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய மௌனத்துக்கு ஏச்சே பரவாயில்லை.

அவருடைய சட்டங்களில் ஒன்றுதான் இந்தத் துணி. எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் குழாய்களின் மேல்மூடியைத் திறந்தால் உள்ளே ஓட்டைகள் வாய் திறந்து நிற்கும். ஆறு சிலிண்டர் எஞ்சின் என்றால் ஆறு ஓட்டை. வேலை முடியும் வரை தூசியோ நட்டோ விழாமல் ஒவ்வொன்றிலும் ஒரு துணியைத் திணிப்போம். எல்லாக் கராஜிலும் திணிப்பார்கள்தான். ரஹீம் நானாவின் துணிகள் பழைய சிவப்புச் சாரத்தில் கிழித்தவை. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். பாதி உள்ளே போக, மீதி வால்போல வெளியே தொங்க வேண்டும். திணிக்கும்போது ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ண வேண்டும். எடுக்கும்போதும் அப்படியே. எண்ணுகிறவன் ஒருத்தன், பக்கத்தில் நின்று கேட்கிறவன் இன்னொருத்தன். கேட்கிறவன் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன்னால் தலையைக் குனிந்து அந்த ஓட்டைக்குள் பார்க்க வேண்டும்.

"காதால எண்ணாத. கண்ணால எண்ணு" என்பார். அவர் அதிகமாகப் பேசிய வசனம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒருமுறை லக்கலவுக்கு நெல் ஏற்றப் போகும் லொறி ஒன்று. ஆறு சிலிண்டர் டீசல். பகல் முழுவதும் மாரடித்து நானும் இன்னொருவரும் எஞ்சினைப் பூட்டி முடித்தோம். சொந்தக்காரர் சாவியைக் கையில் வாங்கிவிட்டார். ரஹீம் நானா வந்து, "துணி எண்ணேக்குள்ள கேட்டது யாரு?" என்று கேட்டார். என்னோடு நின்றவர் அந்த நேரம் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். நான் தனியாக எண்ணினேன், ஆறும் வந்தது என்றேன்.

"கழட்டு" என்றார்.

லொறிக்காரர் துள்ளினார். லக்கல ரோட்டில் இருட்டினால் யானை நிற்கும், நீங்களா வந்து விரட்டுவீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். ரஹீம் நானா அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார், அவ்வளவுதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றினேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஆறு ஓட்டையும் சுத்தமாக இருந்தன.

"பாத்தீங்களா, ஒண்ணும் இல்ல" என்றேன், கொஞ்சம் திமிராகவே.

"ஒண்டும் இல்லேண்டு இப்பதான் தெரியும்" என்றுவிட்டுத் தொழப் போய்விட்டார்.

அன்றைக்கு அவரை மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை. ஆனாலும் அந்தப் பழக்கம் என் கையில் ஒட்டிக்கொண்டது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரு துணிகூட, ஒரு வாஷர்கூட நான் எஞ்சினுக்குள் விட்டதில்லை. சிவா பாஸ் கை வைத்தால் திரும்பக் கழற்றத் தேவையில்லை என்று ஊரில் பெயர். அந்தப் பெயரைக் கேட்க அப்பா இருக்கவில்லை. அண்ணனின் காரையும் நான்தான் பார்த்தேன்.

ரஹீம் நானா மௌத்தான பிறகு கராஜ் அவருடைய மகன் இர்ஷாத்தின் கைக்கு வந்தது. கத்தாரில் பெரிய கார்க் கம்பனி ஒன்றில் வேலை செய்துவிட்டு வந்தவர். கெட்டவர் இல்லை. என்னை அங்கிள் என்பார், நோன்புக் கஞ்சியை மறக்காமல் வீட்டுக்கு அனுப்புவார். ஆனால் தகப்பனுக்கு மௌனம் எவ்வளவோ, மகனுக்குப் பேச்சு அவ்வளவு. தரைக்கு வெள்ளை மாபிள் போட்டார், சுவருக்கு விளக்குப் போட்டார், கராஜுக்குப் பேஸ்புக்கில் ஒரு பக்கம் போட்டார். பிறகு ஒருநாள் ஒரு பெட்டியைப் பிரித்து, அலுமினியத் தகடு ஒன்றை என் கையில் வைத்தார்.

"ஸ்பேசர் அங்கிள். இனி இதுதான் நம்ம யாவாரம்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு சிலிண்டர் எஞ்சினின் மேலே, அந்த ஆறு ஓட்டைகளையும் மூடிக்கொண்டு ஓர் அலுமினியப் பெட்டி இருக்கும். காற்று முதலில் அந்தப் பெட்டிக்குள் வந்து, பிறகு ஆறாகப் பிரிந்து கீழே போகும். சில எஞ்சின்களில் பெட்டியின் முன்பக்கக் கூரை தணிவு. முன்னால் உள்ள ஓட்டைகளுக்குக் காற்று குறைகிறது என்பார்கள். பெட்டிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் பெருவிரல் தடிப்பில் ஒரு தகட்டைக் கொடுத்துத் தூக்கிவிட்டால் கூரை உயரும், காற்றுத் தாராளமாகப் போகும், இழுவை கூடும். இதுதான் ஸ்பேசரின் சாஸ்திரம். பொய் என்று சொல்ல மாட்டேன். எஞ்சினைக் கதறக் கதற ஓட்டுகிற இடத்தில் கொஞ்சம் கூடலாம். மாத்தளையிலிருந்து றத்தோட்டைக்குப் போகும் ரோட்டில், முன்னால் ஒரு பஸ்ஸும் பின்னால் ஒரு ட்ரக்டரும் இருக்கும்போது எங்கே போய்க் கதற வைப்பது?

ஆனால் போட்ட எல்லோரும் வித்தியாசம் தெரிகிறது என்றார்கள். அதன் காரணம் எனக்குத் தெரியும். தகட்டைப் போடுவதற்கு முன்னால், காற்று நுழையும் வாயில் வருடக்கணக்காகப் படிந்த கரியை நான் கழுவிவிடுவேன். ஃபில்டர் புதிதாகப் போடுவேன். பற்றரியைக் கழற்றி வைப்பதால் காரின் கொம்பியூட்டர் பழையதை மறந்துவிட்டுப் புதிதாகப் பழகும். இவ்வளவும் செய்தால் கிழவிக் கார்கூடக் குதிக்கும். பெயர் தகட்டுக்குப் போனது.

இர்ஷாத் ஒவ்வொரு சொந்தக்காரரையும் கார் ஓட்டிவிட்டு வரச் சொல்லி, போனை முகத்துக்கு நேரே பிடித்து அனுபவத்தைக் கேட்பார். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் சின்னத்துரை ஒருவர், மேட்டில் கார் தன்பாட்டில் ஏறுகிறது என்றார். ஏலக்காய் வியாபாரி ஒருவர், சத்தமே ராஜா மாதிரி மாறிவிட்டது என்றார். ஏசிகூட இப்போது நன்றாகக் குளிர்கிறது என்று சொன்னவரும் உண்டு. நான் பின்னால் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அதில் ஒரு வங்கி மனேஜரை மறக்க முடியாது. தகடு போட்டால் பழைய போல்ட் நீளம் போதாது, நீளமான போல்ட் வேண்டும். அவருடைய காரை வாங்கி வைத்த பிறகுதான் போல்ட் வந்து சேரவில்லை என்று தெரிந்தது. நான் கழுவி, ஃபில்டர் மாற்றி, தகடு போடாமலே பூட்டி வைத்தேன். இதை மனேஜரிடம் சொல்ல இர்ஷாத் மறந்துவிட்டார். மனிதர் பக்கத்து ஊரான நாலந்தா வரை போய்த் திரும்பி வந்து, ஸ்பேசர் என்றால் என்ன, அது வாழ்க்கையை எப்படி மாற்றுகிறது என்று ஐந்து நிமிடம் பேசினார். அந்த வீடியோவும் பேஸ்புக்கில் ஏறியது. அடுத்த வாரம் ஏதோ சாக்குச் சொல்லிக் கூப்பிட்டு உண்மையாகவே தகட்டைப் போட்டோம். "முன்ன இருந்த இழுவை இல்லியே பாஸ்" என்று முகத்தைச் சுளித்தார். நானும் இர்ஷாத்தும் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு இருந்தது.

அந்தோனி வந்தது அதற்குப் பிறகு. வஹகோட்டைக்காரர். வீட்டில் சிங்களம், எங்களோடு நல்ல தமிழ். இத்தாலியில் படுக்கையோடு கிடந்த ஒரு கிழவரைப் பதினோரு வருடம் தூக்கிக் கழுவிப் பார்த்துவிட்டு வந்தவர். அந்தப் பதினோரு வருடமும் ஒரு வெள்ளைக் காராக அவர் வீட்டு வாசலில் நின்றது. ஆறு சிலிண்டர், ஜப்பான் கார், பழசுதான் ஆனால் பளிங்கு மாதிரி. கல்யாண ஹயர் மட்டும்தான் ஓடுவார். மாப்பிள்ளை பெண்ணை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும், போட்டோ எடுக்க ரிவர்ஸ்டனுக்கும் போவார். அந்தக் காரை விட்டால் அவருக்கும் மனைவிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் வேறு சீவனம் இல்லை.

ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் ஏசியோடு கார் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, ஸ்பேசர் போட வேண்டும் என்றார். இர்ஷாத் வெளியே போயிருந்த நேரம். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

"அந்தோனி, இது உங்களுக்கு வேணாம். நான் கழுவி, ஃபில்டர் மாத்தித் தாறேன். அதே வித்தியாசம் தெரியும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "மனேஜருக்குப் போட்டீங்க. துரைக்குப் போட்டீங்க. என் காருக்கு மட்டும் ஏன் பாஸ் வேணாங்கிறீங்க? ஹயர் ஓடுறவனுக்கு இது எதுக்குன்னா?"

"சீச்சீ, அப்படி இல்ல. எந்தக் காருக்குமே வேணாம்."

"அப்ப அவங்க எல்லாம் வீடியோவில சொன்னது பொய்யா?"

பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். தகடே இல்லாமல் புகழ்ந்த மனேஜரின் கதையை அவிழ்த்துவிட்டிருக்க வேண்டும். கராஜின் மானம் கப்பலேறும், ரஹீம் நானாவின் பெயர் கெடும் என்று ஏதோ யோசித்து வாயை மூடிக்கொண்டேன். அவர் இர்ஷாத் வரும் வரை காத்திருந்து, நாளும் குறித்துவிட்டுப் போனார்.

அந்த நாளைக்கு இர்ஷாத் பெரிய திட்டம் வைத்திருந்தார். இதுவரை சொந்தக்காரர்களின் பேச்சு மட்டும்தான் எடுத்தோம், இந்த முறை வேலையையே தொடக்கத்திலிருந்து எடுப்போம், வாப்பாவின் துணி எண்ணும் முறையையும் காட்டுவோம் என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். நாற்பது வருடமாக யாரும் பார்க்காத வேலை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

சிவப்புத் துணியைக் கண்டதும் இர்ஷாத் முகம் கோணியது. "கிறீஸ் அப்பி வால் மாதிரித் தொங்குது அங்கிள், வீடியோவுக்கு அசிங்கம்" என்று புது வெள்ளைத் துணி ஒரு கட்டு தந்தார். கைலேஞ்சி அளவில் சின்னதாக வெட்டியது. வால் கிடையாது. வால் எதற்கு என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்குத்தானே என்று விட்டுவிட்டேன். கேட்கிறவராக நிற்க ஆள் வேண்டும் என்றபோது, "அந்தோனி அண்ணனே நிக்கட்டும், ஓனரே எண்ணினா நல்லா இருக்கும்" என்றார். அந்தோனிக்குப் பெருமை பிடிபடவில்லை.

வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. பற்றரி வயரைக் கழற்றினேன். காற்றுக் குழாயை எடுத்தேன். பெட்டியின் போல்ட்டுகளை வெளியிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பெட்டியைத் தூக்கினேன். ஆறு ஓட்டை. அந்தோனி குனிந்து பார்க்க, நான் துணிகளைத் திணித்தேன். பழைய கேஸ்கட் ஒட்டியிருந்த முகத்தைச் சுரண்டிக் கண்ணாடி மாதிரித் துடைத்தேன். பிறகு எடுத்தேன். ஒன்று என்றேன், அவர் ஒன்று என்றார். ஆறு வரை வந்தது. ஆறும் வெளியே வந்தன. அந்த எண்ணிக்கையில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

இர்ஷாத் நாக்கைக் கடித்துக்கொண்டார். "போன் கோல் ஒண்டு வந்து வீடியோ நிண்டுட்டு அங்கிள். திரும்ப ஒருக்கா வெச்சு எடுங்களேன். சும்மா வெச்சாப் போதும்."

சும்மா வைத்தேன். முதல் ஐந்தும் கைக்கு எட்டும் இடம். ஆறாவது ஓட்டை பின்னால், கண்ணாடிக்குக் கீழே தகரத்தின் மறைவில் இருக்கிறது. கையை விட்டுத் தடவித்தான் வைக்க வேண்டும். சின்னத் துணி, விரல் தள்ளிய வேகத்தில் உள்ளே போனது. இர்ஷாத் போனைப் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டபடி நான் சொல்ல, அந்தோனி திருப்பிச் சொன்னார்.

"கடைசிய மட்டும் கமராவப் பாத்துச் சொல்லுங்க அங்கிள்" என்றார் இர்ஷாத்.

கை பின்னால் ஓட்டைக்குள் இருந்தது. நிமிர்ந்து போனைப் பார்த்தேன். "ஆறு" என்றேன்.

"ஆறு" என்றார் அந்தோனி. அவரும் போனைப் பார்த்துத்தான் சொன்னார்.

"சுப்பர்" என்றார் இர்ஷாத்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் உண்மையாக எண்ணியிருந்தேன். அந்த ஆறு மனதில் இருந்தது. இரண்டாவது தரம் எண்ணியது நடிப்பு. நடிப்புக்காக வைத்த துணியும் துணிதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. கேஸ்கட்டை வைத்தேன், தகட்டை வைத்தேன், மேலே இன்னொரு கேஸ்கட், அதன் மேல் பெட்டி. நீளப் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, அளவு ஸ்பேனரால், மூன்று சுற்றில் இறுக்கினேன். அந்த இறுக்கலில் ஒரு நூல் பிழை கிடையாது.

ஸ்டார்ட் செய்தபோது எஞ்சினில் மெல்லிய நடுக்கம் இருந்தது. என் காதுக்குக் கேட்டது. பற்றரி கழற்றியதால்தான், இரண்டு நாளில் பழகிவிடும் என்று அந்தோனிக்குச் சொன்னேன். எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் டவுனைச் சுற்றி ஒரு ரவுண்ட் போய் வந்து, போனுக்கு முன்னால் நின்று, இது வேற கார் என்றார்.

நாலாவது நாள் கல்யாண ஹயர். றத்தோட்டை தாண்டி ஏற்றம் தொடங்கிய இடத்தில் அவர் காலை அழுத்தியிருக்கிறார். எங்கோ குழாய் வளைவில் சிக்கிக்கிடந்த துணி அந்த இழுவையில் கீழே போய் வால்வின் வாயில் மாட்டியது. கார் உதறியது. நிறுத்தியிருக்கலாம்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் பின்னால் இருக்க, போட்டோக்காரர் மேலே காத்திருக்க, எந்த ஹயர்காரன் நிறுத்துவான்? ஒரு சிலிண்டர் செத்த எஞ்சினோடு மேலும் ஏற ஏற, மூடாத வால்வு எரிந்து, தலை ஒடிந்து உள்ளே விழுந்தது. பிஸ்டன் அதைக் குத்தியது. ரிவர்ஸ்டன் பனிக்குள் ஒரு வளைவில் எஞ்சின் இறுகி நின்றது. மணப்பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்து வான் ஒன்றில் ஏறிப் போனாளாம்.

லொறியில் ஏற்றிக் கொண்டுவந்த காரை நான்தான் திறந்தேன். ஆறாவது சிலிண்டரின் காற்றுவாயில், கருகிய நூல்களோடு வெள்ளைத் துணி ஒரு பிடி இருந்தது. கையில் எடுத்தேன். இர்ஷாத் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த ஒரு தடவைதான் தகப்பன் மாதிரி இருந்தார்.

பிறகு அதை என் கையிலிருந்து எடுத்து எண்ணெய் வாளிக்குள் போட்டார். "இது நமக்குள்ள அங்கிள். பழைய எஞ்சின், வால்வு போய்ட்டு. அவ்வளவுதான். நான் கதைச்சுக்கிறேன்."

"துணின்னு சொல்லிருவோம் இர்ஷாத்."

"சொல்லலாம். வீடியோவ எத்தன ஆயிரம் பேர் பாத்திருக்கிறாங்க தெரியுமா? அதில இருக்கிறது உங்க கை. உங்க வாய்." அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே எனக்காகக் கவலைப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் இன்னும் கேவலம்.

பக்கத்து அறையில் அந்தோனி இருந்தார். வால்வு பழசு என்று இர்ஷாத் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார். "பாஸ், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

வேலை போகும் என்று பயந்தேன் என்றால் அது பொய். ஓய்வெடுக்க ஆறு மாதம்தான் இருந்தது. பொலிஸுக்கும் பயமில்லை. சிவா பாஸ் எஞ்சினுக்குள் துணியை விட்டான் என்று ஊர் சொல்லுமே, அதை மட்டும்தான் என்னால் தாங்க முடியாது என்று பட்டது. அப்பாவின் சிரிப்பு காதில் கேட்டது.

"பழைய எஞ்சின்தானே அந்தோனி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அந்த எஞ்சினுக்குப் பதில் எஞ்சின் தேட அவருக்கு வழியில்லை. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வஹகோட்டைக்குப் போனார். ஆறு மாதம் கழித்து எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். பொன்னாடை போர்த்தி, அந்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டார்கள். ஆறு என்று நான் சொன்ன இடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள்.

இரண்டு வருடம் வஹகோட்டைப் பக்கமே போகாமல் இருந்தேன். போன மாதம் அந்த மூவரும் வந்துவிட்டுப் போன மறுநாள் பஸ் மாறி வஹகோட்டைக்குப் போனேன். அந்தோனி வீட்டு வாசலில் வெள்ளைக் கார் அதே இடத்தில் நின்றது. ரயர்கள் காற்றுப் போய் மண்ணில் அமுங்கியிருந்தன. கூரையில் மிளகு காயப் போட்டிருந்தது. அவர் இப்போது யாரோ ஒருவரின் பாடசாலை வான் ஓட்டுகிறார். மனைவி இத்தாலிக்குப் போய்விட்டாள். அங்கே இன்னொரு கிழவர். பெண் பிள்ளைகள் இரண்டு பேரும் என்னை யாரென்று கேட்டார்கள்.

ப்ளேன் டீ கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். துணி, இரண்டாவது எண்ணிக்கை, எண்ணெய் வாளி எல்லாம் சொன்னேன்.

"தெரியும் பாஸ்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"கார் கொண்டுவந்த அடுத்த நாளே அந்த வீடியோவப் போட்டுப் பாத்தேன். எத்தன தரம்னு தெரியாது. நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தேன். தட்டில அஞ்சு துணிதான் கிடக்குது."

"அப்ப ஏன் வந்து கேக்கல்ல? ஏன் பொலிஸுக்குப் போகல்ல?"

"ஆறுன்னு நானும்தானே சொன்னேன்" என்றார். டீயை என் பக்கம் தள்ளினார். "நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு மாசம் பாத்தேன், ரெண்டு மாசம் பாத்தேன். அப்புறம் பாக்கிறத விட்டுட்டேன். இப்ப எதுக்கு பாஸ் வந்தீங்க?"

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதைக் கேட்கும் யோக்கியதை இல்லை என்று தெரிந்தது. அவர் கோபப்படவும் இல்லை. பாடசாலை விடுகிற நேரம் என்று சொல்லி வான் சாவியை எடுத்தார். என்னை பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்.

அங்கிருந்து நேரே கராஜுக்குப் போய் வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். கராஜைத் தூக்கி நிறுத்தியதே அந்த வீடியோதான், எப்படி எடுப்பது அங்கிள் என்றார் இர்ஷாத். அது இன்னும் பேஸ்புக்கில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நீங்கள் எல்லோரும் துணி எண்ணப் பழகினீர்களாம்.

அப்படியென்றால் இன்னொரு தரம் பாருங்கள். போனின் சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டு, என் கையை மட்டும் பார்த்து எண்ணுங்கள்.